மலை மேலே கம்ப்யூட்டர்! மலையடியில் திரை!

தூரத்துப் பெட்டியில் படம் வராவிட்டால் என்ன செய்வது?

கொடைக்கானல் மலையில் ஒரு வீடு. அந்த வீட்டு மூலையில் ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் யாரும் உட்காருவது இல்லை. அதற்குத் திரையும் கிடையாது. இரவும் பகலும் அது தன் பாட்டுக்கு ஓடுகிறது.

மலைக்குக் கீழே வத்தலக்குண்டு. அங்கே ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருக்கிறார். அவர் மடியில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் திரையில் மலை வீட்டுக் கம்ப்யூட்டரின் படம் தெரிகிறது. இங்கே அவர் கையை அசைத்தால், அங்கே அம்பு அசைகிறது. இங்கே எழுத்தைத் தட்டினால், அங்கே எழுத்து விழுகிறது.

இது மாயமும் அல்ல, மந்திரமும் அல்ல. இதற்கு "ரிமோட் டெஸ்க்டாப்" என்று பெயர். தமிழில் "தொலைத்திரை" என்று சொல்லலாம். மலையில் ஓடும் அந்தப் பெட்டிக்கு "சர்வர்" என்று பெயர். குடும்பத்தின் போட்டோக்கள், தோட்டத்துக் கணக்கு, பத்திரங்களின் நகல் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் உள்ள எல்லோரும் எங்கே இருந்தாலும் அதைப் பார்க்கலாம்.

ஆனால், ஒரு நாள் படம் வராது! திரை கறுப்பாக நிற்கும். அப்போது என்ன செய்வது?

பஸ் ஏறி மலைக்குப் போகலாம். வத்தலக்குண்டில் இருந்து கொடைக்கானலுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். வழி எல்லாம் வளைவு. போய் வர ஒரு நாள் கெட்டுவிடும். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்கு அதுவும் முடியாது.

மலை ஏறாமலே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. தூரத்து எந்திரத்தை ஆட்டி வைப்பது வீட்டுக்காரர்கள் மட்டும் செய்கிற வேலை அல்ல. பெரிய விஞ்ஞானிகளும் செய்கிறார்கள். அந்தக் கதை கொடைக்கானலிலேயே தொடங்குகிறது.

சூரியனைப் பார்க்க மலை ஏறினார்கள்!

1876 முதல் 1878 வரை தென்னாட்டில் கொடிய பஞ்சம். "மழை ஏன் பொய்க்கிறது? சூரியனை ஆராய்ந்தால் காரணம் தெரியுமா?" என்று அரசாங்கம் யோசித்தது. சென்னையில் ஒரு வானாராய்ச்சி நிலையம் இருந்தது. அதன் வேலை 1899-ல் கொடைக்கானலுக்கு மாறியது. சுமார் 7,700 அடி உயரத்தில் அந்த நிலையம் இருக்கிறது.

1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி அங்கே ஒரு புதுமையைக் கண்டுபிடித்தார். சூரியனில் உள்ள கரும்புள்ளியில் இருந்து வாயு வெளியே பாய்கிறது என்று அவர் காட்டினார். அதற்கு "எவர்ஷெட் விளைவு" என்று பெயர்.

அந்த நாளில் மலைக்கு மோட்டார் பாதை கிடையாது. நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் போக வேண்டும். படம் எடுக்க வேண்டுமானால், விஞ்ஞானி எந்திரத்தின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வேறு வழி இல்லை.

எந்திரம் இமயமலையில்! ஆள் பெங்களூர் பக்கம்!

கொடைக்கானல் நிலையத்தை இன்று நடத்துவது இந்திய வானியற்பியல் நிறுவனம். அதே நிறுவனத்துக்கு லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில் ஒரு பெரிய தொலைநோக்கி இருக்கிறது. உயரம் சுமார் 14,800 அடி! கொடைக்கானலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். மூச்சு வாங்கும். குளிர் காலத்தில் எலும்பு உறையும்.

அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடி 2 மீட்டர் அகலம். சுப்பிரமணியன் சந்திரசேகர் என்ற தமிழ் விஞ்ஞானி 1983-ல் நோபல் பரிசு பெற்றவர். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்து இருக்கிறார்கள். 2000-ம் ஆண்டு செப்டம்பரில் அது முதல் முதலாக விண்மீனைப் பார்த்தது.

அதை ஓட்டுகிற விஞ்ஞானி ஹான்லேயில் உட்காருவது இல்லை. பெங்களூர் பக்கத்தில் ஓசகோட்டையில் உட்காருகிறார். 2001-ல் இரண்டு ஊருக்கும் இடையே செயற்கைக் கோள் வழியாகத் தொடர்பு ஏற்பட்டது. அந்தக் கோள் பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும். ஒரு கட்டளை மேலே போய்க் கீழே இறங்க கால் நொடி ஆகிறது. பதில் திரும்பி வர இன்னும் கால் நொடி. ஆக, அரை நொடி தாமதம். அவ்வளவுதான்!

ஆனாலும், ஹான்லேயில் எந்திரத்தைக் கவனிக்க ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கும் இது ஒரு பாடம். தொலைத்திரை எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும், பெட்டியின் பக்கத்தில் நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும்.

படம் எப்படி வருகிறது?

ஒரு சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள். மேலிருந்து கீழே 1,080 புள்ளிகள். மொத்தம் 20,73,600 புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம். ஒரு நொடிக்கு 30 தடவை இத்தனை புள்ளிகளையும் அப்படியே அனுப்பினால் சாதாரண வீட்டு இன்டர்நெட் இணைப்பு தாங்காது.

ஆகவே, ஒரு தந்திரம் செய்தார்கள். முழுப் படத்தையும் ஒரு தடவைதான் அனுப்ப வேண்டும். பிறகு, படத்தில் எந்த இடம் மாறுகிறதோ, அந்த இடத்தை மட்டும் அனுப்பினால் போதும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஊரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்த முறையில் ஒரு புரோகிராமை எழுதினார்கள். அதற்கு "வி.என்.சி." என்று பெயர். 1990-களின் பிற்பகுதியில் அது உலகம் எங்கும் பரவியது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் முறைக்கு "ஆர்.டி.பி." என்று பெயர். வீட்டுச் சர்வர்களில் இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

கம்ப்யூட்டருக்கு 65,535 வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாசல். வி.என்.சி.க்கு 5900-ம் வாசல். ஆர்.டி.பி.க்கு 3389-ம் வாசல்.

படிப் படியாகப் பாருங்கள்!

பழனி மலைக்குப் போகிறவர் முதல் படியில் கால் வைத்துத்தான் மேலே ஏறுகிறார். கோளாறு தேடுவதும் அப்படித்தான். பலர் என்ன செய்கிறார்கள்? எடுத்த எடுப்பில் பாஸ்வேர்டை மாற்றுகிறார்கள். புரோகிராமை அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறார்கள். கடைசியில் பார்த்தால் மலையில் மின்சாரமே இருக்காது!

1. மின்சாரம் இருக்கிறதா?

மலை வீட்டில் உள்ளவரைப் போனில் கூப்பிடுங்கள்.

"அம்மா, பெட்டியில் விளக்கு எரிகிறதா?"

"இல்லை, தம்பி. ராத்திரி இடி இடித்தது. கரண்டு போய், விடியற்காலம்தான் வந்தது."

கோளாறு தெரிந்துவிட்டது. மின்சாரம் வந்த பிறகும் பெட்டி எழுந்திருக்கவில்லை. அம்மா பித்தானை அமுக்கினால் போதும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெட்டியின் அடிப்படை அமைப்பைத் திறந்து பாருங்கள். "மின்சாரம் திரும்பினால் தானாக எழுந்திரு" என்று பொருள்படும் ஒரு வசதி அதில் பெரும்பாலும் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் அம்மாவுக்குத் தொல்லை இல்லை. ஒரு யு.பி.எஸ். பெட்டியும் வைத்தால் நல்லது.

2. இன்டர்நெட் வருகிறதா?

அடுத்து, சுவரில் உள்ள இன்டர்நெட் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி இழை இணைப்பு என்றால், அதில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். எரிந்தால், பெரும்பாலும் வெளியே இழை அறுந்து இருக்கும். மலையில் மரக்கிளை முறிந்து விழுந்தால் இப்படி ஆகும். உங்கள் கம்ப்யூட்டரை எத்தனை தட்டு தட்டினாலும் பயன் இல்லை. இணைப்புக் கொடுத்தவரிடம்தான் சொல்ல வேண்டும்.

3. விலாசம் மாறிவிட்டதா?

இன்டர்நெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் விலாசம். பல வீடுகளுக்கு அது நிரந்தரம் அல்ல. நேற்று ஓர் எண், இன்று ஓர் எண். பழைய விலாசத்துக்குப் போனால் பெட்டி எப்படிக் கிடைக்கும்?

வீட்டுக்கு உள்ளேயும் இப்படி ஒரு குழப்பம் உண்டு. ரூட்டர் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் உள் எண் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அந்த எண் மாறலாம். "இந்தப் பெட்டிக்கு எப்போதும் இந்த எண்தான்" என்று ரூட்டரில் எழுதி வைத்துவிட வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஒரு பெரிய காம்பவுண்டுக்குள் நூறு வீடுகள். தெருவில் கதவு எண் ஒன்றுதான். தபால்காரர் எந்த வீட்டைத் தட்டுவார்? சில இன்டர்நெட் கம்பெனிகள், முக்கியமாக செல்போன் கம்பெனிகள், இப்படித்தான் பல வீடுகளுக்கு ஒரே எண்ணைக் கொடுக்கின்றன. உள்ளே இருப்பவர் வெளியே போகலாம். வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது.

இதற்கு மருந்து "வி.பி.என்." என்ற தனி வழி. டெயில்ஸ்கேல் போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. மலைப் பெட்டியே வெளியே வந்து, உங்கள் பெட்டியோடு கை கோத்துக் கொள்ளும். விலாசம் மாறினாலும் கவலை இல்லை.

4. பெட்டி உயிரோடு இருக்கிறதா?

"பிங்" என்று ஒரு கட்டளை உண்டு. "இருக்கிறாயா?" என்று தூரத்துப் பெட்டியைக் கேட்பது அதன் வேலை. "இருக்கிறேன்" என்று பதில் வந்தால் நிம்மதி. பதில் வராவிட்டால், பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. முன்பின் தெரியாத குரலுக்குச் சில பெட்டிகள் பதில் சொல்லாது.

இன்னும் நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "எஸ்.எஸ்.எச்." இதில் படம் வராது, எழுத்து மட்டும் வரும். இதற்கு 22-ம் வாசல். பின்லாந்து நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அதைக் கண்டு டாட்டு யூலோனென் என்பவர் 1995-ல் இந்தப் பூட்டுப் போட்ட வழியை எழுதினார்.

எழுத்து வழி திறக்கிறதா? அப்படியானால் பாதிக் கவலை தீர்ந்தது! மின்சாரம், இன்டர்நெட், விலாசம், பெட்டி எல்லாம் சரி. பெரும்பாலும் படம் அனுப்பும் புரோகிராமிலோ, அதன் வாசலிலோதான் கோளாறு. மலை ஏற வேண்டியது இல்லை. எழுத்து வழியாகவே உள்ளே போய்ச் சரி செய்யலாம்.

5. வாசலில் காவல்காரன் இருக்கிறானா?

திரையில் வரும் தகவலைக் கவனமாகப் படியுங்கள். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால், பெரும்பாலும் நீங்கள் பெட்டி வரை போய்விட்டீர்கள். ஆனால், வாசலில் கதவைத் திறக்க ஆள் இல்லை. அதாவது, படம் அனுப்பும் புரோகிராம் ஓடவில்லை. அதை மட்டும் மறுபடி ஓட்டினால் போதும்.

வெகுநேரம் காத்திருந்து, "நேரம் கடந்துவிட்டது" என்று வந்தால், அது வேறு கோளாறு. ஒன்று, உங்கள் குரல் பெட்டிக்கே போகவில்லை. அல்லது "பயர்வால்" என்ற காவல்காரன் சத்தம் போடாமல் தடுக்கிறான். பயர்வாலின் பட்டியலில் அந்த வாசல் எண்ணுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

கருந்திரை!

சில நாள் வாசல் திறக்கும். பாஸ்வேர்டும் சரியாக இருக்கும். ஆனால், திரை முழுவதும் இருட்டு! ஆளை அலைக்கழிப்பது இந்தக் கோளாறுதான். இதற்குப் பல காரணங்கள் உண்டு.

ஒன்று: பெட்டியில் படமே இல்லாமல் இருக்கலாம். சர்வருக்கு என்று உள்ள சில லினக்ஸ் வகைகளில் எழுத்து மட்டும்தான் உண்டு. படத்திரையைத் தனியாகப் போட வேண்டும்.

இரண்டு: பெட்டியோடு திரையைச் சேர்க்காமல் இருக்கலாம். "பார்க்க ஆள் இல்லையே, யாருக்காகப் படம் வரைவது?" என்று சில கம்ப்யூட்டர்கள் சும்மா இருந்துவிடும். இதற்கு ஒரு சின்னப் போலிச் செருகி கடையில் கிடைக்கிறது. அதைச் செருகிவிட்டால், திரை இருக்கிறது என்று பெட்டி நம்பிவிடும்!

மூன்று: ஒரே பெயரில் இரண்டு பேர். பெட்டி எழுந்தவுடன் தானாகவே உங்கள் பெயரில் உள்ளே போகும்படி நீங்கள் வைத்து இருக்கலாம். பிறகு தூரத்தில் இருந்து அதே பெயரில் நீங்களும் போகிறீர்கள். லினக்ஸ் பெட்டிகளில் இரண்டும் மோதிக் கொண்டு கருந்திரை வருவது உண்டு. பெட்டியில் உள்ள ஆளை வெளியேற்றிவிட்டுப் போங்கள். படம் வந்துவிடும்.

நான்கு: பெட்டி நிரம்பிவிட்டது! கல்யாணப் போட்டோ, காது குத்துப் போட்டோ, பேரன் பிறந்த நாள் வீடியோ என்று சேர்த்துக் கொண்டே போனால் இடம் தீர்ந்துவிடும். எள் போடக் கூட இடம் இல்லாவிட்டால் படத்திரை திறக்காது. எழுத்து வழியாகப் போய், வேண்டாததை அழித்துவிடுங்கள்.

எந்தக் காரணம் என்று தெரியவில்லையா? ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் நாட்குறிப்பைத் தானே எழுதுகிறது. அதற்கு "லாக்" என்று பெயர். எத்தனை மணிக்கு என்ன கோளாறு என்று அதில் இருக்கும். கடைசி இருபது வரியைப் படித்தால் பாதி நாள் காரணம் தெரிந்துவிடும்.

படம் வருகிறது. ஆனால், ஆமை வேகம்! இதற்கும் வழி உண்டு. நிறங்களைக் குறையுங்கள். படத்தின் அளவைச் சிறிதாக்குங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். படம் மலையில் இருந்து கீழே வருகிறது. ஆகவே, மலை வீட்டு இணைப்பு எவ்வளவு வேகமாக வெளியே அனுப்புகிறது என்பதுதான் கணக்கு.

வாசலைத் திறந்து போடாதீர்கள்!

இனி சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.

படம் வராத எரிச்சலில் சிலர் பயர்வாலையே எடுத்துவிடுகிறார்கள். 3389-ம் வாசலையும் 5900-ம் வாசலையும் உலகத்துக்கே திறந்து விடுகிறார்கள். படம் வந்துவிடும். திருடனும் வந்துவிடுவான்!

திறந்த வாசலைத் தேடுவதற்கு என்றே சிலர் எந்திரங்களை ஓட விட்டு இருக்கிறார்கள். அவை இராப்பகலாக உலகத்து விலாசங்களை எல்லாம் தட்டிப் பார்க்கின்றன. 2019 மே மாதம், பழைய விண்டோஸ் பெட்டிகளின் தொலைத்திரை வழியில் "புளூகீப்" என்ற பெரிய ஓட்டை இருப்பது வெளியே வந்தது. பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே நுழைந்துவிடலாம்! மைக்ரோசாப்ட் கம்பெனி அவசரமாக அந்த ஓட்டையை அடைத்தது. தான் கைவிட்ட பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கூட மருந்து கொடுத்தது. பழைய வி.என்.சி. முறையில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துக்குத்தான் மதிப்பு. ஒன்பதாவது எழுத்தை எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான்.

ஆகவே, தொலைத்திரையை எப்போதும் வி.பி.என். வழியாகவோ, எஸ்.எஸ்.எச். வழியாகவோ மட்டும் திறக்க வேண்டும். நேராக உலகத்துக்குத் திறக்கக் கூடாது.

போனில் வரும் திருடன்!

கம்ப்யூட்டர் வாசலைப் பூட்டியாகிவிட்டது. ஆனால், வீட்டு மனிதர் கையாலேயே வாசலைத் திறக்க வைக்கும் திருடனும் இருக்கிறான். அவன் போனில் வருகிறான்.

"பேங்கில் இருந்து பேசுகிறேன், அம்மா. உங்கள் கணக்கு நின்றுவிடும் போல் இருக்கிறது. நான் சொல்லுகிற ஆப்பைப் போனில் போடுங்கள். அதில் ஓர் எண் வரும். அதைச் சொல்லுங்கள். உடனே சரி செய்துவிடுகிறேன்."

அந்த எண்ணைச் சொன்னால், போனின் திரை அவன் கைக்குப் போய்விடும். அம்மா தட்டுகிற பாஸ்வேர்டை எல்லாம் அவன் பார்ப்பான். கணக்கில் உள்ள பணம் பறந்துவிடும். ஆப் என்னவோ நல்ல ஆப்தான். அதைக் கெட்டவன் பயன்படுத்துகிறான். 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே இந்த மோசடி பற்றி எச்சரிக்கை கொடுத்தது.

மகன் அடிக்கடி போன் செய்து, "அம்மா, விளக்கைப் பார், பித்தானை அமுக்கு" என்று சொல்லுகிற வீட்டில் இந்த ஆபத்து அதிகம். கம்ப்யூட்டர் விஷயமாக யார் பேசினாலும், மகன் அனுப்பிய ஆள் என்று அம்மா நினைத்துவிடுவார். ஆகவே, வீட்டுக்குள் ஒரு வார்த்தையைப் பேசி வைத்துக் கொள்ளுங்கள். பழைய மாட்டின் பெயர், குலதெய்வத்தின் ஊர், எதுவாகவும் இருக்கலாம். அந்த வார்த்தையைச் சொல்லாதவர் பேச்சைக் கேட்டு எதையும் தொடக் கூடாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்கவும் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போலீசார் உதவுவார்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் தப்பும்.

சுவரில் ஒரு தாள்!

நன்றாக ஓடுகிற நாளில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்:

மின்சாரம். இன்டர்நெட். விலாசம். பெட்டி. வாசல். திரை.

பெட்டியின் எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்று அதன் கீழே எழுதுங்கள். இன்டர்நெட் இணைப்புக் கொடுத்தவரின் போன் எண்ணையும் எழுதுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள். மலை வீட்டில் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் அந்தத் தாளை ஒட்டுங்கள். அதே தாளின் நகல் ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும்.

அடுத்த தடவை திரை கறுத்தால், அம்மா அங்கே முதல் வரியைப் படிப்பார். மகன் இங்கே அதே வரியைப் பார்ப்பார். ஆறாவது வரிக்கு வருவதற்குள், பெரும்பாலும் படம் வந்துவிடும்.